மேட்டிலிருந்து பாலம் தெரியுமா?

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய மாதிரிகள் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நம் சரித்திரப் போர் விளையாட்டுச் சங்கத்தின் வட்டார மாநாட்டை வரும் செப்டம்பரில் நடத்துவதாக உத்தேசம். 'உத்தேசம்' என்று எழுதுவதற்கே கை வலிக்கிறது. கடைசி ஆட்டத்தில் தோற்றவர் அடுத்த மாநாட்டைத் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது நம் விதி. கடந்த மூன்று மாநாடுகளிலும் தோற்றவன் நான், தோற்கடித்தவர் நீங்கள். சென்ற ஆண்டு மாநாடே நடக்கவில்லை. ஏன் என்று கோப்பில் எழுத வேண்டாம்.

சங்க விஷயங்களை இனி எழுத்தில் மட்டும் வைத்துக்கொள்வோம் என்று சொன்னது நீங்கள்தான். எனக்கும் சம்மதமே. போனில் பேசினால் நமக்கு வாய் நீள்கிறது. தாளில் என்றால் பாதியில் அலுத்துப்போய் நிறுத்திவிடலாம்.

ஹாலாகப் பழையபடி பள்ளிக்கூடத்து விளையாட்டரங்கத்தைக் கேட்டிருக்கிறேன். மேசைகள் போதாது. இருக்கும் மேசைகளில் பாதி ஆடுகின்றன. போன தடவை ஒரு முழுக் குதிரைப்படை தானாகவே சரிந்து தரையில் விழுந்து செத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆட்டக்காரர்கள் இரண்டு நாளும் பொம்மைச் சிப்பாய்களை நகர்த்திக்கொண்டிருக்க, கூட வந்த வீட்டார் சுவரோரம் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் புகார். அதனால் இந்த முறை ஊரின் பழைய இடங்களைச் சுற்றிக்காட்ட ஒரு பேருந்து ஏற்பாடு செய்கிறேன். பாலம், மேடு, கோட்டைச் சுவர். விவரம் பிறகு.

உங்களிடம் வேண்டுவது இரண்டு. ஒன்று, கடைசி ஆட்டத்துக்கான மாதிரிகள். பாலம், ஆறு, பல்செட் பிளாஸ்டரில் நீங்கள் வார்த்த அந்த மேடு. எல்லாம் உங்கள் பட்டறைப் பரணில்தான் இருக்கின்றன. இரண்டு, நீங்கள். எங்கள் ஊர்ப் பாலச் சண்டையை நாம் இருவர்தான் ஆடிவந்திருக்கிறோம். பாலத்தைக் கடக்கும் ஆற்றுப்படை உங்களுடையது, தடுக்கும் மேட்டுப்படை என்னுடையது. நீங்கள் வராவிட்டால் அந்த மேசைக்கு வேறு யாரையும் உட்காரவைக்க மாட்டேன். மேடையேறி இரண்டு வரித் தீர்மானம் வாசித்துவிட்டு, சங்கத்தை இழுத்து மூடிவிடுவேன். இது மிரட்டல் இல்லை. அலுப்பு.

வீட்டில் இவள் உங்கள் மனைவியை, எங்கள் தங்கச்சியை, விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அது கோப்புக்கு அல்ல.

இப்படிக்கு,
செயலாளர்


பிப்ரவரி 26

செயலாளர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

உறையின் மேல் 'சம்பந்தி' என்று எழுதி, அடித்துவிட்டு, 'பல்செட் செய்பவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். தபால்காரர் சிரித்துவிட்டுக் கொடுத்தார். விவாகரத்து ஆனபின் நம் இருவருக்கும் அந்த உறவுமுறை செல்லாது என்பது எனக்கும் தெரியும். உங்கள் மகனுக்கு என் பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் நாம் ஒருவரை ஒருவர் வேறு மாதிரிக் கூப்பிட்டோம். சம்பந்தி ஆனதும் மரியாதை வேண்டுமே என்று அதைப் பரணில் போட்டோம். இப்போது அது எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ, தேடிப் பார்க்கத் தெம்பில்லை.

மாதிரிகளை லாரியில் அனுப்புகிறேன். மேட்டின் ஒரு பக்கம் எலி கடித்திருக்கிறது. பிளாஸ்டரைத் தின்னும் எலியை இப்போதுதான் பார்க்கிறேன். பூசி அனுப்புகிறேன்.

நான் வர இயலாது. காரணம் ஒன்று, முழங்கால். காரணம் இரண்டு, நீதிமன்றத் தாழ்வாரத்தில் நாலு பேர் காதில் விழ நீங்கள் சொன்னது. "உன் பகடைதாண்டா என் பையன் குடும்பத்தைக் கெடுத்துச்சு" என்றீர்கள். அதற்குப் பிறகு உங்கள் எதிரில் உட்கார்ந்து பகடை உருட்ட என்னால் முடியாது. வேறு யாரையாவது ஆற்றுப்படைக்குப் போடுங்கள். மூடுவதானால் மூடுங்கள். சங்கம் உங்கள் ஒருவர் சொத்து அல்ல என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

தங்கச்சி நலம். கேட்டதற்கு நன்றி என்று சொல்லச் சொன்னாள். பிறகு, சொல்ல வேண்டாம் என்றாள். பிறகு, "என்னமோ பண்ணுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

மாதிரிகள் பொறுப்பாளர்


மார்ச் 14

மதிப்பிற்குரிய பொறுப்பாளர் அவர்களுக்கு,

பேருந்து முடிவாகிவிட்டது. முதல் நாள் காலை பாலம், அங்கிருந்து மேடு. மேட்டின் மேல் இப்போது தண்ணீர்த் தொட்டி கட்டியிருக்கிறார்கள்; அதைச் சுற்றி நடக்க ஒரு ஒற்றையடிப் பாதை மிச்சமிருக்கிறது. பிறகு பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள கோட்டைச் சுவர். அங்கே டயர்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். அன்று ஒரு நாளாவது எடுத்துவைக்க முடியுமா என்று பணிமனை மேலாளரிடம் கேட்டேன். "சுவரு எங்கயும் ஓடிடாது சார், டயர்தான் திருட்டுப் போகும்" என்றார். என் மூக்குக்கண்ணாடிக் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு இப்படித்தான் அலைந்துகொண்டிருக்கிறேன். வருகிறவர்களுக்கு நம்பர் எழுதித் தரவேண்டிய நேரத்தில் நாற்காலி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்கள் காரணம் இரண்டு. தாழ்வாரத்தில் சொன்னதை நான் மறுக்கவில்லை. சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னது பொய்யா?

உங்கள் பெண்ணுக்குக் கால்நடை மருத்துவமனையில் வேலை ஓர் ஊரில். என் மகனுக்குக் காகித ஆலையில் வேலை வேறோர் ஊரில். கல்யாணமான புதிதில் எந்த ஊரில் குடித்தனம் வைப்பது என்று என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இரண்டும் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தன. பக்கத்து அறையில் நாம் ஆடிக்கொண்டிருந்தோம். நீ எழுந்து போனாய். பல்லுக்கு ஈறு செய்கிற அந்த ரோஸ் பிசினில் நீயே வார்த்த பகடையை அதுகள் கையில் வைத்தாய். மேசையில் இரண்டு பேருக்கு ஒத்துப்போகவில்லை என்றால் நாம் செய்வதுதானே, ஒரு உருட்டு, அதோடு முடிந்தது, பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. "நாலும் நாலுக்கு மேலயும் விழுந்தா உன் ஊரு. கீழ விழுந்தா அவன் ஊரு" என்றாய். மாடிக்குப் போய் உருட்டிவிட்டு வந்து "ரெண்டு" என்றார்கள். நாம் சிரித்துக்கொண்டே ஆட்டத்துக்குத் திரும்பினோம். அன்றைக்கும் நான்தான் தோற்றேன்.

அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டு அவன் ஊருக்குப் போனாள். போன நாளிலிருந்து அவள் முகத்தில் வெளிச்சம் இல்லை என்று இவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வேலையைப் பகடையில் தோற்றவள் எப்படி இருப்பாள்? மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு போய்விட்டாள். பொம்மைச் சிப்பாய்களுக்கு உள்ள விதியை மனுஷர்களுக்குப் போட்டது நீ. இதைக் கோப்பில் வை, வைக்காமல் போ.

மாதிரிகளைச் சீக்கிரம் அனுப்பவும்.

செயலாளர்


ஏப்ரல் 3

செயலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 'நீங்கள்' என்று தொடங்கி நடுவில் 'நீ' என்று ஆகி, கடைசியில் 'அனுப்பவும்' என்று முடிகிறது. எனக்கு அதில் நடுப்பகுதி மட்டும்தான் பழக்கப்பட்ட ஆள் எழுதியது மாதிரி இருந்தது.

ஒரு திருத்தம். பகடையைக் கொடுத்தது நான். "நாலும் நாலுக்கு மேலயும்" என்று சொன்னது நான். அதுவரை சரி. நிலைக்காலில் சாய்ந்து நின்றுகொண்டு "போட்டு முடிங்கப்பா, எங்க ஆட்டம் காத்துக்கிட்டிருக்கு" என்று சொன்னது யார்? பாதி வசனத்தை எனக்குக் கொடுத்துவிட்டு மீதியை நீங்கள் விழுங்கிவிட்டீர்கள்.

நான் தப்பு செய்யவில்லை என்று சொல்லவரவில்லை. பகடையை வார்க்கும்போது காற்றுக் குமிழ் வராமல் எவ்வளவு கவனமாக இருந்தேன். ஆறு பக்கமும் எடை ஒன்றாக இருக்க வேண்டும் என்று எத்தனை முறை இழைத்தேன். அந்தக் கவனத்தில் ஒரு துளியாவது அவர்கள் கையில் கொடுக்கும்போது இருந்திருக்கலாம். இதை உங்களுக்குச் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சொல்லிவிட்டேன்.

பெண் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். பழைய மருத்துவமனையில் அவள் இடம் போய்விட்டது. இங்கே சின்ன இடம் ஒன்றில் சேர்ந்திருக்கிறாள். நாள் முழுதும் பூனைக்கும் நாய்க்கும் ஊசி போட்டுவிட்டு வந்து, சாப்பிட்டு, தூங்கிவிடுகிறாள். நானும் அவளும் சண்டை போடுவதில்லை. பேசுவதும் இல்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை.

உங்கள் சுற்றுலாத் திட்டத்தைப் பார்த்தேன். வெடிமருந்துக் கிடங்கு எங்கே? அந்தச் சண்டையே அந்தக் கிடங்குக்காகத்தான் நடந்தது. அதை விட்டுவிட்டு டயர் அடுக்கிய சுவரைக் காட்டப்போகிறீர்களா? அந்தக் கட்டிடத்தை இப்போது விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்பதும், நம் வீட்டுக் கல்யாணம் அங்கேதான் நடந்தது என்பதும் எனக்கும் தெரியும். அதற்காக அதைச் சரித்திரத்திலிருந்து நீக்க முடியுமா? சேருங்கள். நான் வரப்போவதில்லை, எனக்கு என்ன.

மூன்று பெட்டிகளும் நேற்று லாரியில் ஏறின. 'கண்ணாடி, கவனம்' என்று எழுதியிருக்கிறேன். கண்ணாடி இல்லைதான். பிளாஸ்டர் என்று எழுதினால் தூக்கிப்போடுவார்கள்.

பொறுப்பாளர்


மே 11

மதிப்பிற்குரிய

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று யோசித்துப் பத்து நாளாகக் காகிதம் மேசையில் கிடக்கிறது. அதனால் அப்படியே விட்டுவிட்டுத் தொடங்குகிறேன்.

பெட்டிகள் வந்துவிட்டன. மேடும் பாலமும் முழுசாக இருக்கின்றன. ஆறு மட்டும் நடுவில் விரிசல் விட்டிருக்கிறது. விளையாட்டரங்கத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம். அலைந்து திரிந்து தபால் ஊழியர் சங்கக் கட்டிடத்தைப் பிடித்திருக்கிறேன். மாடிப்படி குறுகல். பெரிய மேசை ஏறுமா என்று தெரியாது. கிடங்கையும் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். ஒரு பக்கம் கட்டினால் இன்னொரு பக்கம் அவிழ்கிறது. இவள் சொல்கிறாள், "பொம்மைச் சண்டைக்கு இவ்வளவு பாடா? நிஜச் சண்டையே சீக்கிரம் முடிஞ்சிருக்கும் போல." எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

இதெல்லாம் சொல்லிக்கொண்டே போவது, சொல்லவேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

பெட்டிகளை இறக்க மகன் லீவு போட்டு வந்திருந்தான். ஆற்றை எடுத்து வெளியே வைத்தபோது அடியில் இருந்த வைக்கோலிலிருந்து அந்த ரோஸ் பகடை உருண்டு வந்தது. நீ வேண்டுமென்றே வைத்தாய் என்றுதான் முதலில் நினைத்தேன். என் வாய் சும்மா இருக்குமா? "இந்தா, உன் வாழ்க்கையைக் கெடுத்த சனியன்" என்று அவன் பக்கம் நீட்டினேன்.

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டான். பிறகு சொன்னான்:

"அஞ்சு விழுந்துச்சுப்பா."

எனக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னான். "அன்னிக்கு மாடியில ரெண்டு விழல. அஞ்சு விழுந்துச்சு. அவ ஜெயிச்சா. நான் ஒண்ணும் பேசாம சுவரையே பாத்துக்கிட்டிருந்தேன். அவ என் மூஞ்சியப் பாத்துட்டு, 'சரி, உங்க ஊருக்கே போலாம், கீழ போய் ரெண்டுன்னு சொல்லிடலாம்'னா. அஞ்சுன்னு சொன்னா நீங்க ரெண்டு பேரும் விடமாட்டீங்க, பகடை சொன்னா சொன்னதுதான்ம்பீங்க. நானும் சரின்னு தலையாட்டிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பேசக் கூடாதுங்கறதுதானே விதி. அவளும் பேசல. நானும் பேசல. விட்டுக்குடுத்தியேன்னு ஒரு தடவ கூட நான் சொல்லல. சொன்னா வாங்கிக்கிட்டேன்னு ஒத்துக்கணுமே."

உன் பகடை சரியாகத்தான் விழுந்திருக்கிறது. தவறு அதில் இல்லை. என் பையன் ஜெயித்தவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, தோற்றவள் என்று ஊரெல்லாம் நினைக்க விட்டுவிட்டான். நானும் அதை நம்பிக்கொண்டு தாழ்வாரத்தில் நின்று உன்மேல் பாய்ந்தேன். அவனைத் திட்டவும் முடியவில்லை. அப்படி அழுகிற பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது?

அதற்குப் பிறகு இரண்டு நாள் கடை திறக்கவில்லை. இதை உனக்கு எழுதாமல் இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். முடியவில்லை. எனக்கு அவமானமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

பீரங்கி


ஜூன் 2

பீரங்கிக்கு,

சங்கத்தில் உனக்கு வைத்த பட்டப்பெயரில் நீ கையெழுத்துப் போட்டு வெகுகாலம் ஆகிறது. அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பகடையை நான் வைக்கவில்லை. அவள் பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று ஆத்திரத்தில் பரணில் வீசினேன். ஆற்றுப் பெட்டிக்குள் விழுந்திருக்கிறது போல.

அவளிடம் கேட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாமல் உன் கடிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன். நின்றுகொண்டே படித்தாள். "அவர் சொல்லிட்டாரா? சரி" என்றாள். அவ்வளவுதான். நான் அங்கேயே நின்றேன். அவள் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, அந்தப் பகடைய விட்டா எங்களுக்குப் பிரியறதுக்கு வேற காரணமே இருக்காதுன்னு நெனைச்சீங்களா? எங்களுக்குள்ள ஆயிரம் இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் அதையும் உங்க ஆட்டம் ஆக்கிட்டீங்க. யார் பகடை, யார் சொன்னது, யார் மேல தப்பு. எனக்கு என்ன வேணும்னு அன்னிக்கும் யாரும் கேக்கல. இன்னிக்கும் நீங்க கேட்டது என்ன விழுந்துச்சுங்கறதத்தான்."

தங்கச்சி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். பெற்ற பெண் ஜெயித்ததை இத்தனை வருஷம் தோல்வி என்று நினைத்திருக்கிறேன், பீரங்கி. அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். நாள் முழுக்க மற்றவர்கள் வாயைப் பார்க்கிற தொழில். முகத்தைப் பார்க்கப் பழகவில்லை.

உன் பையனைத் திட்டாதே. அவனும் யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்திருப்பான்.

விரிசல் விட்ட ஆற்றுக்கு மெழுகு உருக்கி ஊற்று. மேலே வார்னிஷ் அடித்தால் தண்ணீர் மாதிரியே இருக்கும். இல்லை, தொடாதே, நீ செய்தால் சாக்கடை ஆகிவிடும். நானே வந்து செய்கிறேன்.

ஆம், வருகிறேன். உன் வீட்டில் தங்கமாட்டேன். இரண்டு பேருக்குமே அதற்குத் தைரியம் போதாது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் போதும், கீழ்த்தளமாகப் பார். முழங்கால்.

பசை


செப்டம்பர் 23

பசைக்கு,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கத்தான் தொடங்கினேன். ஆனால் எனக்குக் கோபம்.

மாநாடு முடிந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மேசை மாடிப்படியில் மாட்டிக்கொண்டதையும், ஏழு பேர் மேலேயும் ஆறு பேர் கீழேயும் நின்று அரை நாள் தத்தளித்ததையும் பெரிய வேடிக்கையாகப் பேசிக்கொள்கிறார்கள். வீட்டார் எல்லோருக்கும் பேருந்துதான் பிடித்திருந்ததாம். கிடங்கில் இறங்கிப் பார்த்து அத்தனை பேரும் மெச்சினார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? நீ பேருந்தின் முன் இருக்கையில், நான் கடைசி இருக்கையில், இரண்டு பேரும் இறங்கவே இல்லை. மேட்டிலும் நீ இறங்கவில்லை. முழங்கால் என்றாய். நீ இறங்கவில்லை என்று நானும் இறங்கவில்லை.

நீ ஒட்டிய ஆற்றைப் பார்த்து ஒருவர் கை நனையுமோ என்று தொட்டுப் பார்த்தார். உன்னிடம் சொல்லலாம் என்று திரும்பினேன், நீ எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன். என் பீரங்கி மேட்டின் மேல். உன் படை பாலத்தடியில். கண்ணுக்குத் தெரிவதைத்தான் சுடலாம் என்பது விதி. நான் சுடுகிறேன் என்றேன். "மேட்டிலேர்ந்து பாலத்தடி தெரியாது" என்றாய். "தெரியும்" என்றேன். "கண்ணாடிக் கடை வெச்சிருந்தா எல்லாம் தெரிஞ்சிடுமா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குமே சிரிப்பு வந்தது. பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். அப்போது நடுவராக நின்ற தையல்காரர், வழக்கப்படி, ஒரு பகடையை எடுத்து நம் இருவருக்கும் நடுவில் நீட்டினார்.

அவர் மேல் தப்பில்லை. அவருக்கு என்ன தெரியும். நீ இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டாய். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். சுற்றி அத்தனை பேர். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன். காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து "சார், பூட்டணும்" என்கிறவரை உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலையில் லாட்ஜுக்கு வந்தால் நீ கிளம்பிவிட்டாய். தூரம் அளக்கும் டேப்பை ஆட்ட மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

ஆட்டம் முடியவில்லை. அதனால் தோற்றவர் யாரும் இல்லை. தோற்றவர் இல்லாவிட்டால் அடுத்த மாநாடு யார் தலையில் என்பதற்கு விதியில் இடமில்லை. எல்லோரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். என்னால் இனி முடியாது, பசை. உடம்பைச் சொல்லவில்லை. நாம் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேச முடியவில்லை என்றால் இந்த நாற்காலிகளை எண்ணி, மேசைகளைத் தூக்கி, பேருந்துக்காரனிடம் பல்லிளித்து, எதற்கு? உனக்காகத்தான் இதையெல்லாம் செய்தேன். வெட்கமாக இருந்தாலும் அதுதான் நிஜம். நீ வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

மாத முடிவில் எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்பி மூடிவிடுகிறேன். மாதிரிகளை எங்கே அனுப்ப?

பீரங்கி


செப்டம்பர் 27

டேய் பீரங்கி,

சுற்றறிக்கை அனுப்பாதே. அனுப்பிவிட்டால் இன்னொன்று அனுப்பி ரத்து செய்.

அன்று காலை நான் ஓடிப்போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போகப் பெண் காரில் வந்திருந்தாள். உன் வீட்டுத் தெருவழியாகப் போக வேண்டாம் என்று அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது, அதனால் விடிந்ததும் கிளம்பிவிட்டோம். ஊர் எல்லையில் மேட்டுப் பாதை பிரியும் இடத்தில் "நிறுத்தும்மா" என்றேன்.

"எதுக்கு?"

"மேல போய் ஒண்ணு பாக்கணும். முந்தாநாள் பஸ்ல இருந்து எறங்காம விட்டுட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்தடி, உன் பீரங்கி, தையல்காரர் நீட்டிய பகடை, நாம் இரண்டு பேரும் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. பிறகு சொன்னாள், "இத்தனை வருஷமா அதே ஊர்லதான ஆடுறீங்க. ஒரு தடவ ஏறிப் பாத்திருக்கலாம்ல?"

அதுதான்டா. இத்தனை வருஷமும் பிளாஸ்டர் மேட்டில் கண்ணை வைத்துப் பார்த்தோம், பகடையைக் கேட்டோம். நிஜ மேட்டில் ஏறிப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை.

"நீங்க மெதுவா மேல போங்க. நான் பாலத்தடியில நிக்கிறேன்" என்று காரைத் திருப்பிக்கொண்டு போனாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. வீடுகள்தான். 'ஜெயித்துவிட்டேன், பீரங்கிக்கு எழுத வேண்டும்' என்றுதான் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவள் அவ்வளவு தூரம் போய் நிற்கிறாளே என்று, சுவரைப் பிடித்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன்.

ஆறு தெரிந்தது. பாலம் தெரிந்தது. பாலத்தடியில் ஒரு ஆள். போன் அடித்தது.

"தெரியுதாப்பா?"

"சரியாத் தெரியல. நீதானான்னு தெரியல."

அவள் குடையை விரித்து ஒரு கையால் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். நீலக் குடை. நன்றாகத் தெரிந்தது. என் பெண் அங்கே நிற்கிறாள், அவளை எனக்குத் தெரிகிறது. "அப்பா, தெரியுதா இல்லையா, கை வலிக்குது" என்று அவள் கத்துகிறாள். "தெரியுது" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். நல்லவேளை, அங்கிருந்து அது தெரியாது.

கீழே வந்து காரில் ஏறியதும் கேட்டேன். கேட்க வெட்கமாக இருந்தது, இருந்தாலும் கேட்டேன். "உனக்கு என்னம்மா வேணும்?"

"இப்போதைக்கு ஒரு காபி" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, பழைய மருத்துவமனையில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்றும், எங்களை விட்டு அவ்வளவு தூரம் போக யோசனையாக இருக்கிறது என்றும் சொன்னாள். வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் விண்ணப்பம் போடுகிறாள்.

ஆக, மேட்டிலிருந்து பாலத்தடி தெரிகிறது. உன் பீரங்கி சுட்டால் என் படை அங்கேயே காலி. நான் தோற்றேன். இதைக் கோப்பில் வை, எல்லோருக்கும் வாசித்துக் காட்டு. அடுத்த மாநாடு என் தலையில். இங்கே எங்கள் தெருமுனையில் ஒரு ஹால் இருக்கிறது, கீழ்த்தளம், கதவு அகலம். நாற்காலியை நான் எண்ணுகிறேன். பேருந்துக்காரனிடம் நான் பல்லிளிக்கிறேன், எனக்குத்தான் பல்லுக்குப் பஞ்சமில்லை. நீ ஒரு வேலையும் செய்யாதே. கடையைப் பூட்டிக்கொண்டு வந்து உட்கார், போதும். நம் வீட்டில்தான் தங்க வேண்டும். தங்கச்சி ஏற்கெனவே அண்ணிக்கு எந்த அறை என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பெட்டிகளை இங்கேயே அனுப்பு. டேப்பை மறக்காமல் உள்ளே வை. பகடை வேண்டாம்.

பசை